நீங்க எந்த ரக முத்து? திருச்செந்தூர் கடல் சொல்லும் பதில்

ஓம் சரவணபவ!



தாம்பரத்தில் இருக்கிற நமக்குத் தெற்கே போகிற ரயில்கள் எல்லாம் மனப்பாடம். அதில் ரெண்டு வண்டி ஒரே கடலைப் பார்த்துப் போகிறது. செந்தூர் எக்ஸ்பிரஸ் நம்ம அப்பன் வீட்டு வாசலுக்கே போகும். முத்துநகர் எக்ஸ்பிரஸ் தூத்துக்குடிக்குப் போகும். ரெண்டு ஊருக்கும் நடுவில் சுமார் 40 கிலோமீட்டர்தான். ரெண்டு ஊருக்கும் முன்னால் விரிந்து கிடப்பது மன்னார் வளைகுடா. சூரசம்ஹாரம் நடக்கிற கரையும், காலம் காலமாக முத்துக்குளித்த கரையும் ஒரே கரைதான்.

அதனாலோ என்னவோ, நம்ம முருகன் பெயரிலேயே முத்து இருக்கிறது. வைத்தீஸ்வரன் கோயிலில் செல்வமுத்துக்குமாரசுவாமி. பாரிமுனைப் பக்கம் கந்தகோட்டத்தில் முத்துக்குமாரசுவாமி. அருணகிரிநாதருக்கு முருகனே அடியெடுத்துக் கொடுத்ததாகப் பெரியவர்கள் சொல்லும் அந்த முதல் திருப்புகழ் தொடங்குவதும் முத்து என்ற சொல்லில்தான்.

இந்த வாரம் முத்தைப் பற்றியே பேசலாம். முத்து எப்படி உண்டாகிறது, எப்படி ரகம் பிரிக்கிறார்கள் என்று தெரிந்தால், நம்ம பக்தியைப் பற்றி நமக்கு இருக்கிற சில சந்தேகங்களும் தெளியும்.

மணல் துகள் கதை

நம்ம குரூப்பில் மாசத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் படம் வரும். திறந்த சிப்பி, நடுவில் முத்து, கீழே ஒரு வாசகம்: சிப்பிக்குள் மணல் துகள் விழுந்தது, வலித்தது, வலியைத் தாங்கியது, முத்து பிறந்தது. கூடவே ஆறு வேல் எமோஜி.

படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா விஷயம் கொஞ்சம் வேற.

முத்துச்சிப்பி கடலுக்கு அடியில் பாரில் ஒட்டிக்கொண்டு வாழ்கிற உயிர். மணலும் தூசியும் அதற்குள் தினமும் வரும். வந்ததை அது தினமும் வெளியே தள்ளிவிடும். விழுந்த மணல் எல்லாம் முத்தாகும் என்றால் ஒவ்வொரு சிப்பியிலும் முத்து இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. மூட்டை மூட்டையாகச் சிப்பி எடுத்துத் திறந்தாலும் பெரும்பாலானவற்றில் ஒன்றும் இருக்காது.

அப்புறம் எப்படி? சிப்பியின் ஓட்டுக்கு உள்பக்கம் ஒரு மெல்லிய சதைப் போர்வை இருக்கிறது. மேன்டில் என்று பெயர். ஓட்டைக் கட்டுகிற வேலை அதனுடையது. ஒரு புழுவோ ஒட்டுண்ணியோ துளைத்துக்கொண்டு உள்ளே போகும்போது, அல்லது அந்தப் போர்வையில் காயம் படும்போது, ஓடு கட்டும் செல்கள் சில பிய்ந்து சதைக்கு உள்ளே போய்விடும். போன இடத்தில் அவை பெருகி ஒரு சின்னப் பையாக மாறும். அந்தப் பைக்குள்ளும் அவை தங்களுக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்யும். ஓடு கட்டுகிற அதே பொருளைச் சுரந்து, உள்ளே கிடப்பதைச் சுற்றிச் சுற்றிப் பூசும். அதுதான் முத்து. அந்தப் பூச்சுக்கு நேக்கர் என்று பெயர்.

இப்ப கவனிங்க. தன் வீட்டுச் சுவரை எதைக் கொண்டு கட்டியதோ, அதே பொருளைக் கொண்டுதான் சிப்பி உள்ளே வந்ததையும் மூடுகிறது. காயம் பட்ட அன்றைக்கு அது புதுசாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு கஷ்டமும் இல்லாத நாட்களிலும் சுவர் கட்டிக்கொண்டே இருந்தது. அதனால்தான் காயம் வந்த அன்றைக்குக் கையில் பூசுவதற்குப் பொருள் இருந்தது.

தினமும் குளித்து நீறு பூசி ஆறெழுத்தைச் சொல்கிறோமே, அது இந்தச் சுவர் வேலைதான். செவ்வாய்க்கிழமை ஆபீஸ் முடிந்து, ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக்கைத் தாண்டி, குரோம்பேட்டை குமரன்குன்றத்தில் படி ஏறுகிறோமே, அதுவும் இதுதான். சில நாள் மனசே ஒட்டாது. வாய் பாட்டுக்கு மந்திரம் சொல்லும், மூளை நாளைக்கு வரப்போகிற மீட்டிங்கில் இருக்கும். பரவாயில்லை. அன்றைக்கும் ஒரு பூச்சு ஏறிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வலி மட்டும் யாரையும் முத்தாக்காது. ஒட்டுண்ணி தாக்கிச் செத்துப்போகும் சிப்பிகளும் உண்டு. அதனால் வீட்டில் சாவு விழுந்தவர்களுக்கும், ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அந்தப் படத்தை அனுப்பாதீங்க. "இந்த வலி உன்னை முத்தாக்கும்" என்பதை அந்த நேரத்தில் யாராலும் தாங்க முடியாது. பக்கத்தில் போய் உட்காருங்க. ஒரு டீ வாங்கிக் கொடுங்க. அவங்க சார்பில் நீங்க ரெண்டு நிமிஷம் முருகனைக் கூப்பிடுங்க. அது போதும்.

ஒரு மில்லிமீட்டருக்கு 2,000 அடுக்கு

நேக்கர் எதனால் ஆனது தெரியுமா? பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லில் இருக்கிற அதே பொருள். சிப்பி அதை அரகோனைட் என்ற வடிவில் மெல்லிய சில்லுகளாக அடுக்குகிறது. சில்லுக்கும் சில்லுக்கும் நடுவில் கொஞ்சம் புரதத்தைப் பசை மாதிரி வைக்கிறது. ஒரு சில்லின் தடிமன் சுமார் அரை மைக்ரான். அப்படியென்றால் ஒரு மில்லிமீட்டர் பூச்சுக்குச் சுமார் 2,000 அடுக்கு வேண்டும்.

அந்தத் தடிமன் கண்ணுக்குத் தெரிகிற ஒளியின் அலைநீளத்தை ஒட்டியே இருக்கிறது. அதனால் அடுக்குகளில் பட்டுத் திரும்புகிற ஒளி ஒன்றோடு ஒன்று கலந்து, உள்ளேயிருந்து வெளிச்சம் வருகிற மாதிரி ஒரு மினுமினுப்பைத் தருகிறது. வைரத்தைப் பட்டை தீட்டினால்தான் ஜொலிக்கும். முத்தை யாரும் பட்டை தீட்ட வேண்டாம். அடுக்கிய விதமே அதன் ஒளி.

சாதாரணச் சுண்ணாம்புதான். அடுக்கடுக்காகப் பொறுமையாகப் பூசியதில் அதன் மதிப்பே மாறிவிட்டது. நாம் சொல்கிற ஆறெழுத்தும் ரொம்பச் சின்னது. ஒரு தடவை சொல்ல ரெண்டு நொடி ஆகாது.

பிறவி பக்தனும் ரீல்ஸ் பக்தனும்

இனி ரகங்களுக்கு வருவோம். முத்தை முதலில் ரெண்டாகப் பிரிப்பார்கள்: இயற்கை முத்து, வளர்ப்பு முத்து.

இயற்கை முத்தில் மனுஷன் கை படவில்லை. வளர்ப்பு முத்தில், சிப்பியை லேசாகத் திறந்து, இன்னொரு சிப்பியின் மேன்டிலில் இருந்து வெட்டிய சின்னத் துண்டையும், ஓட்டைக் கடைந்து செய்த உருண்டை மணியையும் உள்ளே வைத்து மறுபடி கடலில் விடுவார்கள். ஜப்பானில் மிக்கிமோட்டோ கொகிச்சி 1893-ல் அரைவட்ட முத்தை வளர்த்துக் காட்டினார். முழு உருண்டை முத்து அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. நம்ம நாட்டில் இதைச் சாதித்தது அதே தூத்துக்குடியில்தான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கே. அழகர்சுவாமியும் அவரது குழுவும் 1973 ஜூலையில் இந்தியாவின் முதல் உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்தார்கள்.

வளர்ப்பு முத்து 1920-களில் ஐரோப்பியச் சந்தைக்குப் போனபோது அங்கே பெரிய சண்டை. "இது போலி" என்றார்கள் பழைய வியாபாரிகள். ஆனால் வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் உள்ளே போன விதம்தான் வேறு. மேலே பூசியது அதே சிப்பி, அதே நேக்கர்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, நம்ம வட்டத்திலும் இந்தச் சண்டை நடக்குது. "எங்க தாத்தா காலத்தில் இருந்து பழனிக்குப் பாதயாத்திரை போறோம். நீங்கள்லாம் ரீல்ஸ் பார்த்து வந்த பக்தர்கள்." இந்தப் பேச்சைக் கேட்டுச் சுருங்கிப்போன எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். யாரோ ஒரு ஃபிரெண்டு திருப்போரூருக்குக் கூப்பிட்டதால் வந்தவங்க. பஸ்ஸில் காதில் விழுந்த ஒரு பாட்டால் வந்தவங்க. பரீட்சை பயத்தில் வந்தவங்க.

வித்து எப்படி உள்ளே வந்தது என்று முருகன் எக்ஸ்ரே எடுப்பதில்லை. அருணகிரிநாதரே வாழ்க்கையைத் தொலைத்துவிட்டு, திருவண்ணாமலைக் கோபுரத்தில் இருந்து உயிரை விடத் துணிந்த பிறகுதான் முருகன் கையில் விழுந்தார் என்கிறது மரபு. குமரகுருபரர் கதையோ நேர் எதிர். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து ஐந்து வயசு வரை பேச்சு வராத குழந்தையை, பெற்றவர்கள் திருச்செந்தூரில் கொண்டு கிடத்தினார்கள். அந்த வித்தை அப்பா அம்மாதான் வைத்தார்கள். அந்தக் குழந்தை வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடியது, பின்னாளில் முத்துக்குமாரசுவாமிக்கே பிள்ளைத்தமிழ் பாடியது. ரெண்டு பேரும் அவன் கையில் முத்துதான்.

ஆனா ஒரு எச்சரிக்கையும் இதே வளர்ப்பு முத்தில் இருக்கு. சீக்கிரம் விற்க வேண்டும் என்று அவசரப்பட்டுச் சிப்பியை முன்னாலேயே திறந்துவிட்டால், மணியின் மேல் பூச்சு மெல்லிசாக இருக்கும். புதுசில் பளபளக்கும். நாளாக ஆகப் பூச்சு தேயும், உரியும், உள்ளே இருக்கிற மணி வெளியே தெரியும். விரதம் தொடங்கின அன்றைக்கே ஸ்டேட்டஸ், மாலை போட்ட ஃபோட்டோ, படியேறின வீடியோ. போடறது தப்பில்லை. சிப்பியை எப்பத் திறக்கறோம் என்று மட்டும் ஒரு தடவை யோசிச்சுக்கலாம். கொஞ்ச நாள் மூடியே இருக்கட்டும்.

தவறிப்போனதில் வந்த முத்து

வளர்ப்பு முத்திலும் பல ரகம். நம்ம மன்னார் வளைகுடாவில் வாழும் பிங்க்டாடா ஃபுகாட்டா சிப்பியின் இனம்தான் ஜப்பானில் அகோயா முத்தைத் தருவது. அளவில் சின்னது, ஒளியில் கூர்மையானது. ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் கடல்களில் பெரிய சிப்பியில் வளர்வது தென்கடல் முத்து, வெள்ளையும் பொன்னிறமும். பிரெஞ்சு பாலினேசியாவில் கருப்பு உதடு கொண்ட சிப்பியில் வளர்வது தாஹிதி முத்து, கருமையும் பச்சையும் கலந்தது. இதெல்லாம் உப்பு நீர். ஆற்று மட்டி, குளத்து மட்டியில் வளர்வது நன்னீர் முத்து. அதில் பெரும்பாலும் மணி வைப்பதில்லை, சதைத் துண்டு மட்டும்தான். ஒரே மட்டியில் பல முத்து விளையும்.

எனக்கு ரொம்பப் பிடித்த ரகம் கேஷி. சில சமயம் சிப்பி, வைத்த மணியை ஏற்காமல் வெளியே தள்ளிவிடும். வளர்ப்பவர் கணக்கில் அது தோல்வி. ஆனால் மணியோடு வைத்த அந்தச் சதைத் துண்டு மட்டும் உள்ளேயே தங்கிவிடும். அது சும்மா இருக்காது, பூச ஆரம்பிக்கும். உள்ளே மணியே இல்லாததால் விளைவது முழுக்க முழுக்க நேக்கர். உருண்டையாக இருக்காது, கோணல்மாணலாக இருக்கும். ஒளி அபாரமாக இருக்கும்.

நாம் வேண்டிக்கொண்டு வைத்த மணி வெளியே போய்விட்டதே என்று அழுகிறோம். அந்த வேலை கிடைக்கவில்லை. அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. விசா வரவில்லை. ஆனால் அதற்காகத் தொடங்கின ஜபம் உள்ளே தங்கிவிட்டதா என்று பாருங்க. தங்கியிருந்தால் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

சல்லடை

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்புக் காலத்தைச் சலாபம் என்பார்கள். பரதவரும் கீழக்கரைப் பக்கத்து இஸ்லாமியரும் கல் கட்டிய கயிற்றைப் பிடித்து ஒரே மூச்சில் அடிக்கு இறங்கிச் சிப்பி அள்ளி வருவார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கிரேக்க நூல், கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளை முத்துக்குளிக்க இறக்கியதாகச் சொல்கிறது. நாம் பார்த்து ரசிக்கும் முத்துச்சரத்துக்கு யாரோ ஒருத்தர் மூச்சுதான் விலை. தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு சலாபம் நடக்கவில்லை.

எடுத்த முத்தைப் பத்துச் சல்லடையில் அடுத்தடுத்துச் சலிப்பார்கள். முதல் சல்லடையில் 20 துளை, கடைசிச் சல்லடையில் 1,000 துளை. எந்தச் சல்லடையில் தங்குகிறதோ அதுதான் அதன் அளவு. பிறகு உருட்சி பார்ப்பார்கள், ஒளி பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் தேறினது ஆணிமுத்து. ஒன்றிலும் தேறாதது தூள். இன்றைக்கும் அளவு, வடிவம், நிறம், ஒளி, மேற்பரப்பு, நேக்கர், ஜோடிப் பொருத்தம் என்று ஏழு விஷயம் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள்.

ஐ.டி.யில் இருக்கிற நமக்கு இந்தச் சல்லடை ரொம்பப் பழக்கம். வருஷா வருஷம் சலிக்கிறாங்க. சேலையூரில் இருந்து ஒரு தம்பி எனக்கு எழுதியிருந்தான். "அண்ணா, 48 நாள் விரதம் இருந்தேன். முடிஞ்ச வாரமே வேலையை விட்டு எடுத்துட்டாங்க. கடைசி ரேட்டிங்னு போட்டிருக்காங்க. முருகன் கிட்டயும் நான் அந்த ரேட்டிங்தானா?"

அவனுக்கு நான் சொன்னது பகழிக்கூத்தர் சொன்ன பதில்தான். அவர் பாடிய திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழில் முத்தப் பருவம் ஒன்று உண்டு. குழந்தை முருகனிடம் ஒரு முத்தம் கேட்கிற இடம். அங்கே கவிஞர் முத்துக்களை ரகம் பிரிக்கிறார். அலை கொண்டுவந்து போட்ட வலம்புரிச் சங்கு ஈன்ற முத்து, யானைத் தந்தத்தில் விளைந்த முத்து, செந்நெல்லில் விளைந்த முத்து, மேகம் தந்த முத்து. ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு என்று சொல்லிக்கொண்டே வருகிறார். கடைசியில், முருகா, உன் வாய் முத்தத்துக்கு மட்டும் விலையே இல்லை, அதைக் கொடு என்கிறார்.

இது அறிவியல் பட்டியல் இல்லை, கவி மரபு. சங்கில் நிஜமாகவே முத்து விளையும், ஆனால் அதில் நேக்கர் இருக்காது, பீங்கான் மாதிரி பளபளக்கும். யானையிலும் பாம்பிலும் முத்து விளையாது. கஜமுத்து, நாகமுத்து என்று ஆன்லைனில் யாராவது விற்றால் காசைக் கொடுத்து ஏமாறாதீங்க. அந்தப் பணத்தில் கிருத்திகை அன்னைக்கு நாலு பேருக்குச் சாப்பாடு போடுங்க.

பகழிக்கூத்தரின் கணக்கைப் பாருங்க. விலை உள்ளது எல்லாம் ஒரு பக்கம். முருகன் தருவது இன்னொரு பக்கம். அந்தப் பக்கத்தில் சல்லடையே கிடையாது. அவர் பாடி முடித்தபோது கோயிலில் உரிய மரியாதை செய்யவில்லை என்றும், அன்றிரவு முருகனே தன் மார்புப் பதக்கத்தை அவருக்கு அணிவித்தான் என்றும் திருச்செந்தூரில் சொல்வார்கள். சபை போட்ட ரேட்டிங் ஒன்று. சாமி போட்ட மாலை வேறு.

"அப்ப எதுக்குண்ணா தினமும் பூசணும்? சல்லடையே இல்லைன்னா?" என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. பூச்சு அவனுக்கு மார்க் காட்டுவதற்கு இல்லை. நமக்குள் குத்துகிறது பாருங்க, அதை மூடுவதற்கு. சிப்பியும் யார் கழுத்துக்காகவும் முத்து செய்வதில்லை. உள்ளே வந்ததோடு சேர்ந்து வாழ வேண்டும் என்பதற்காகப் பூசுகிறது. வேலை போனது நிஜம். அதற்கு ரெஸ்யூமே அனுப்பணும், நாலு பேரைக் கேட்கணும், இன்டர்வியூ போகணும். அதெல்லாம் பகல் வேலை. ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கம் வராமல் அது குத்தும்போது, கையில் பூசுவதற்கு ஏதாவது இருக்கணும் இல்லையா?

இந்த வாரம் என்ன செய்யலாம்

பெரிசா ஒண்ணும் வேண்டாம். வருகிற சஷ்டி வரைக்கும் தினமும் ஆறு நிமிஷம். ஃபோனை வேற ரூமில் வைங்க. "சரவணபவ" என்ற ஆறெழுத்தை மெதுவாகச் சொல்லுங்க. உள்ளே எது குத்துகிறதோ அதை மறைக்காமல் முருகன் முன்னால் வைங்க. அது மேலேயே சொல்லுங்க. ஆறாவது நிமிஷம் எழுந்து வேலையைப் பாருங்க. இதை ஸ்டேட்டஸில் போட வேண்டாம். வீட்டில் யாராவது கேட்டால் சொல்லுங்க, அவங்களும் உட்காரட்டும்.

அடுத்த தடவை திருச்செந்தூர் போகும்போது, நாழிக்கிணற்றில் குளித்து, தரிசனம் முடித்து, கொஞ்ச நேரம் கடலைப் பார்த்து நில்லுங்க. கண்ணுக்கு அலை மட்டும்தான் தெரியும். அதுக்கு அடியில், எத்தனையோ சிப்பி மூடின ஓட்டுக்குள் பூசிக்கொண்டே இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை என்று அது நிறுத்தவில்லை.

நீங்களும் நிறுத்தாதீங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
முத்துக்குமரனுக்கு அரோகரா!

(படித்து முடித்தவர்கள், மனசு சரியில்லாமல் இருக்கிற ஒருத்தருக்கு இதை அனுப்புங்க. அனுப்பிட்டு ஒரு ஃபோனும் பண்ணுங்க.)